45-ஆம் நாள்: பாசி மிதவைகளும் ஒரு பணிப்பட்டியல் செயலியும்

இப்போது நாங்கள் நீலம் 17 என்று அழைக்கும் கடற்பாசி மிதவை ஒருமுறை 61 நாள் கடலில் கிடந்தது. 45-ஆம் நாள் பாசியை அறுத்திருக்க வேண்டியது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அதுவும் 61 நாள்தான். "நம்ம மிதவைக்கும் தடைக்காலம் போட்டுட்டாங்களா?" என்று என் மாமியார் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பாதிக்கு மேல் பாசி முறிந்து மிதந்து போயிருந்தது. மிச்சமிருந்தது முற்றிப்போய், விதைக்கும் ஆகாமல் கிடந்தது.

யாராவது மறந்தார்களா என்றால் இல்லை. அந்த மிதவையின் சொந்தக்காரி மகளின் பிரசவத்துக்குப் பரமக்குடி போயிருந்தார். அவர் மிதவைகளைப் பக்கத்து மிதவைக்காரர்கள் இரண்டு பேரும், ஓர் அக்காவும் ஒரு மதினியும், பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. 17-ஐ மதினி அறுத்திருப்பாள் என்று அக்காவும், அக்கா அறுத்திருப்பார் என்று மதினியும் நினைத்துக்கொண்டார்கள். இருவருமே பொறுப்பானவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. பொறுப்பில்லாத ஒருத்தி இருந்திருந்தால் மற்றவள் போய் எட்டிப் பார்த்திருப்பாள்.

நான் இந்தக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஐந்து பெண்கள், ராமேசுவரம் தீவின் வடகரையில் சம்பைப் பக்கம் பாசி வளர்க்கிறார்கள். ஒரு பருவம் முழுக்கக் கைப்பேசியில் ஒரு பணிப்பட்டியல் செயலியை வைத்து இந்த வேலையை நடத்திப் பார்த்தோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

வேலை என்ன என்று தெரியாமல் பட்டியல் புரியாது

இங்கே வளர்ப்பது கப்பாஃபைகஸ். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பெப்சி பாசி என்றுதான் பேர். அந்தக் கம்பெனி இங்கே வந்து இதை வணிகமாக வளர்க்க வைத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கம்பெனி போய்ப் பல வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. இதிலிருந்து எடுக்கிற கராகீனன் என்ற கூழ்ப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை எடுக்கிற பெண்களின் தொழில் வேறு. அவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமிதான் நாள்காட்டி. எங்களுக்கு மிதவை கட்டிய தேதிதான் நாள்காட்டி.

மூங்கிலில் 12 அடிக்கு 12 அடி சட்டம். அதில் 20 கயிறு. ஒரு கயிற்றுக்கு 20 இடத்தில் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். ஆக ஒரு மிதவைக்கு 400 முடிச்சு, சுமார் 60 கிலோ விதை. அடியில் வலை கட்டி, இறக்கி, நங்கூரம் போட்டால் 45 நாளில் நன்றாக வந்தால் 250 கிலோ பக்கம் நிற்கும். அதில் 60 கிலோவை மறுவிதைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காயப்போட வேண்டும். பத்துக்கு ஒன்றுதான் தேறும். 200 கிலோ பச்சைப்பாசி காய்ந்தால் 20 கிலோ.

ஓர் ஆளுக்கு 45 மிதவை என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நாள் ஒன்றுக்கு ஒரு மிதவையை அறுத்து, அன்றைக்கே திரும்பக் கட்டி இறக்கினால், 46-ஆம் நாள் முதல் மிதவை மறுபடியும் தயாராக இருக்கும். சக்கரம் மாதிரி. பயிற்சியில் பலகையில் இதை எழுதிக் காட்டியபோது எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. ஐந்து பேர், 225 மிதவை, ஒரு நாளைக்கு ஐந்து.

பழைய ஏற்பாடு ஒரு நோட்டுப் புத்தகம். தலைவி அக்கா வீட்டில் அலமாரியில் இருக்கும். மிதவை எண், கட்டிய தேதி, அறுத்த தேதி, எடை. ஒழுங்காகத்தான் எழுதியிருந்தோம். நீலம் 17-க்கும் கட்டிய தேதி சரியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தேதியிலிருந்து 45 எண்ணி, இன்றைக்கு எந்த ஐந்து என்று சொல்ல யாராவது தினமும் உட்கார்ந்து பக்கம் புரட்ட வேண்டும். முதல் வாரம் புரட்டினோம். அப்புறம் கண்ணால் பார்த்துப் பாசி தடித்ததை வைத்துப் போக ஆரம்பித்தோம். கரைக்குக் கிட்டத்தில் இருக்கும் மிதவைகள் சீக்கிரமாகவும், ஆழத்தில் இருப்பவை தாமதமாகவும் அறுபட்டன. மனித சுபாவம்.

முதல் தோல்வி

செயலி என்ற யோசனை என்னுடையது. முதலில் எடுத்தது எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிற மாதிரியான ஒரு குறிப்புச் செயலி. ஒரே பட்டியலை எல்லோரும் பகிர்ந்து பார்க்கலாம், முடிந்ததை டிக் அடிக்கலாம். உற்சாகத்தில் எல்லாவற்றையும் அதில் போட்டேன். மிதவை எண்கள், கயிறு வாங்குவது, நங்கூரக் கயிறு சரிபார்ப்பது, குழுக் கூட்டம், வங்கித் தவணை, ரேஷன் கடை, காயப்போட்ட பாசியைப் புரட்டுவது வரைக்கும். பட்டியல் நூறு வரியைத் தாண்டியது.

இரண்டு வாரத்தில் அதைத் திறப்பவள் நான் ஒருத்திதான். என் மாமியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காயப்போட்டதப் புரட்டணும்னு எனக்கு ஃபோன் சொல்லணுமா பிள்ள?" நியாயம்தான். வெயில் ஏறினால் கை தானாகப் புரட்டும். வானம் இருட்டினால் ஐந்து பேரும் ஓடிப்போய்த் தார்ப்பாய் போடுவார்கள். மழைத் தண்ணீர் பட்டால் காய்ந்த பாசி வெளுத்துக் கெட்டுவிடும் என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். உடம்புக்குத் தெரிந்த வேலையையும் தெரியாத வேலையையும் ஒரே பட்டியலில் போட்டதால், தெரியாதது தெரிந்ததுக்குள் புதைந்துபோனது.

ஆகவே கழித்தோம். எதை விட்டால் யாரும் கவனிக்காமலே தவறிப்போகுமோ அது மட்டும் பட்டியலில். அப்படிப் பார்த்தால் மிஞ்சியவை இரண்டே வகை: மிதவையின் 45-ஆம் நாள்; வாரம் ஒருமுறை அடிவலையைப் பார்ப்பது. அடிவலை கிழிந்தால் ஓரா மீன் கூட்டமாகப் புகுந்து பாசியை மேய்ந்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. வங்கித் தவணையை என் கைப்பேசி நாள்காட்டிக்கு மாற்றினேன், அது என் ஒருத்தியின் வேலை. மற்றதெல்லாம் கரையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை.

நிறமும் எண்ணும்

ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் படிக்க வராது. எண் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மிதவையில் கட்டிய மிதப்புக் கேனில் ஆளுக்கொரு நிறம் அடித்து எண் எழுதினோம். செயலியிலும் அதே பேர்: நீலம் 17, மஞ்சள் 4. வேறு ஒரு சொல்லும் கிடையாது. தொடக்கத்தில் ஒருத்திக்குச் சிவப்பு கொடுத்திருந்தோம். செயலியில் கெடு தாண்டினால் தேதி சிவப்பாக மாறும். 'சிவப்பு' என்று ஃபோனில் சொன்னால் ஆளைச் சொல்கிறதா, தாமதத்தைச் சொல்கிறதா என்று குழப்பம் வந்தது. அந்த அக்காவுக்குக் கறுப்பு அடித்தோம். "எனக்கு மட்டும் ஏன்டி கறுப்பு" என்று அவர் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தச் சின்ன ஏற்பாடுதான் ஆகப் பெரிய பலன் தந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கடலில் உள்ள பொருளுக்கும் திரையில் உள்ள வரிக்கும் ஒரே பெயர் இல்லாவிட்டால் எந்தச் செயலியும் வேலைக்காகாது.

ஓர் ஆச்சரியக்குறியின் கதை

திரும்பத் திரும்ப வரும் வேலைக்காக டூடூயிஸ்ட் செயலிக்கு மாறினோம். திரும்பும் கெடுவை அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒருமுறை எழுதினால் போதும் என்பதால் அது தொல்லையாகப் படவில்லை. 'எவ்ரி 45 டேஸ்', அதாவது 45 நாளுக்கு ஒருமுறை, என்று ஒவ்வொரு மிதவைக்கும் கொடுத்தேன். டிக் அடித்தால் அந்த வரி மறைந்து அடுத்த 45-ஆம் நாளில் தானாக முளைக்கும். ஒரு மாதம் அழகாக ஓடியது.

மே மாதம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானது. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். தீவுக்கு வடக்கே உள்ள எங்கள் வடகடல் எப்போதும் ஆழம் குறைவுதான், மார்பளவுத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன அலையும் பெரிய அலைதான். ஐந்து நாள் யாரும் இறங்கவில்லை. ஆறாம் நாள் காலை செயலியைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. பழையது 25, அன்றைக்கு உரியது ஐந்து.

அந்தக் காலைதான் செயலியைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார் தலைவி அக்கா. அதையும் சமாளித்து, ஒன்றரை வாரத்தில் எல்லாவற்றையும் அறுத்துக் கட்டி இறக்கினோம். பிரச்சினை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த சுற்றில், ஜூன் கடைசியில், அறுக்கச் சொன்ன தேதியில் போய்ப் பார்த்தால் பாசி சின்னதாக நிற்கிறது. மஞ்சள் 30-ஐ எடை போட்டோம், வழக்கத்தைவிட மிகக் குறைவு. விதை சரியில்லை, வெயில் அதிகம், தண்ணீர் ஓட்டம் இல்லை என்று ஆளுக்கொரு காரணம். வெயிலைச் சந்தேகித்தது தப்பில்லை. 2013-க்குப் பிறகு கடல் சூடாகி இந்தக் கரையில் பாசி கொத்துக் கொத்தாக அழிந்ததைப் பார்த்தவர்கள் இவர்கள். இரண்டு நாள் கழித்துத்தான் நோட்டையும் செயலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் 30-ஐ மே மாதம் எட்டு நாள் தாமதமாகக் கட்டியிருக்கிறோம். செயலியோ தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல், முதலில் குறித்த தேதியிலிருந்தே அடுத்த 45-ஐ எண்ணியிருக்கிறது. பாசிக்குக் கிடைத்தது 37 நாள்.

செயலியின் மேல் தப்பில்லை. நான் கேட்டது அதுதான். அந்தச் செயலியில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால், டிக் அடித்த நாளிலிருந்து எண்ணும். போடாவிட்டால் குறித்த தேதியிலிருந்து எண்ணும். வாடகை, தவணை, சந்தா போன்றவற்றுக்கு இரண்டாவதுதான் சரி. நாம் தாமதமாகக் கட்டினாலும் அடுத்த மாதத் தேதி நகராது. வளர்கிற பொருளுக்கு முதலாவது. செடிக்குத் தண்ணீர், வண்டிக்கு ஆயில், மிதவைக்கு அறுவடை எல்லாம் கடைசியாகச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டியவை. இந்த வேறுபாட்டைப் பட்டியல் போடுகிற பலரும் யோசிப்பதே இல்லை, நானும் யோசிக்கவில்லை. 225 வரியிலும் ஓர் ஆச்சரியக்குறி சேர்க்க ஒரு ராத்திரி ஆனது.

'முடிந்தது' என்றால் எது முடிந்தது?

ஆச்சரியக்குறி போட்டதும் புதிதாக ஒரு கேள்வி. எண்ணிக்கை டிக் அடித்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றால், எப்போது டிக் அடிப்பது? அதுவரை அறுத்தவுடன் அடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அறுத்த அன்றைக்கே எப்போதும் கட்டி இறக்க முடிவதில்லை. 400 முடிச்சு போட ஆள் போதாமல் சில நாள் மறுநாளைக்குத் தள்ளும். பாசி வளர்வது கட்டி இறக்கிய பிறகுதானே. ஆகவே, கட்டி இறக்கினால் மட்டும் டிக் என்று முடிவு செய்தோம். அறுத்துவிட்டுக் கரையில் கிடக்கும் சட்டம் பட்டியலில் சிவப்பாகவே நிற்கும். அது நல்லதாகவும் போயிற்று. வெறுஞ்சட்டம் கரையில் கிடக்கும் நாள் குறைந்தது.

யார் அடிப்பது? உப்புத் தண்ணீர்க் கையால் ஃபோனைத் தொட முடியாது, தொட்டாலும் திரை கேட்காது. பாலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார் மதினி; ஒருநாள் உறைக்குள் தண்ணீர் போய்ச் சர்வீஸ் கடைக்குப் போனது ஃபோன். ஐந்து பேரில் மூன்று பேரிடம்தான் செயலி ஓடுகிற கைப்பேசி. கடைசியில் அமைந்தது இதுதான்: சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஆளுக்கொரு குரல் செய்தி எனக்கு வர வேண்டும். "பச்சை ஒம்பது, பச்சை பத்து, எறக்கியாச்சு." வேறு பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், ஆனாலும் வரும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எனக்குத் தெரியும். நான் டிக் அடித்து, மறுநாள் எண்களைக் குரலிலேயே திருப்பி அனுப்புவேன். இறக்கியவள் வாயால் சொன்னால்தான் டிக். "அவ எறக்கியிருப்பா" என்று இன்னொருத்தி சொன்னால் செல்லாது. நீலம் 17 திரும்ப நடக்காமல் இருந்ததற்கு இந்த ஒரு விதி போதும் என்று தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. புயல் இல்லை, யாரும் ஊருக்குப் போகவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஏழெட்டு மிதவை தாமதம். வருகிற நாள்களை வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து ஒரு நாளைக்கு எத்தனை வரி என்று எண்ணினேன். சில நாள் ஐந்து, சில நாள் ஒன்பது.

அப்போதுதான் பலகைக் கணக்கு பிடிபட்டது. நாளுக்கு ஒரு மிதவை, 45 நாளுக்கு 45 என்றால் 45 நாளும் கடலில் இறங்க வேண்டும். இங்கே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற ஊர், அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. 45 நாளில் ஆறு ஞாயிறாவது வரும். மிச்சம் 39. காற்று, கல்யாணம், துக்கம், பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகம் அழைக்கிற நாள் என்று இன்னும் இரண்டு மூன்று கழியும். ஒருத்தியால் 36 மிதவைதான் ஓட்ட முடியும். மிச்ச ஒன்பது எப்போதும் யாருடைய நேரத்தையோ திருடிக்கொண்டுதான் ஓடும்.

தலைவி அக்காவிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பத்தஞ்சு போட்டுத்தான் காட்டியிருக்கு. கொறச்சா வந்து கேப்பாங்களே, என்ன சொல்ல?" அந்தப் பயம் பொய்யில்லை. நான்கு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் இரண்டு பேர் மட்டும் ஒரு சுற்றுக்கு 36 ஓட்டிப் பார்ப்பது என்று ஆனது. அந்த இரண்டு நிறத்திலும் சிவப்பு நின்றுபோனது. மற்ற மூவரும் கேட்காமலே மாறினார்கள். ஆளுக்கு ஒன்பதாக எடுத்த சட்டங்களும் வீணாகவில்லை. மூங்கில் உடைந்தால் மாற்றாகக் கைவசம் இருந்தன; பழுது பார்க்க முன்பு இரண்டு நாள் காத்திருப்போம்.

செயலி வேகமாக வேலை செய்ய வைக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அது செய்தது வேறு: எவ்வளவு முடியாது என்பதை ஐந்து பேருக்கும் தெரிகிற மாதிரி ஓர் எண்ணாகக் காட்டியது. நோட்டிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருந்தது. ஆனால் நோட்டில் தாமதம் என்பது ஒருத்தியின் சோம்பல் போலத் தெரிந்தது.

அந்தப் பருவத்தின் பிற்பாதியில் 50 நாளைத் தாண்டிய மிதவை ஒன்றே ஒன்று. அதுவும் ஓரா மேய்ந்துவிட்டதால் வளரட்டும் என்று வேண்டுமென்றே விட்டது.

நோட்டை விடவில்லை

"இந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கு மூடிட்டா?" என்று கேட்டவர் படிக்கத் தெரியாத கறுப்பு அக்கா. நல்ல கேள்வி. வுண்டர்லிஸ்ட் என்று ஒரு புகழ்பெற்ற பட்டியல் செயலி இருந்தது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 மே 6-ஆம் தேதி அதை மூடி, பயனர்களைத் தன்னுடைய 'டூ டூ' செயலிக்கு மாறச் சொன்னது. மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள்தான். ஆனாலும் மாறியே ஆக வேண்டியிருந்தது. ஆகவே சனிக்கிழமை சாயங்காலம், செயலியில் உள்ள தேதிகளைப் பழைய நோட்டில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். அரை மணி நேர வேலை. எழுதும்போது கண்ணில் படுகிற பிழைகள் திரையில் பட்டதில்லை என்பது தனிக் கதை.

அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கியது. வடகடலில் வாடை நாளில் மிதவை நிற்காது; வடமில்லாமல் தேர் இழுக்கலாம், நங்கூரத்தை நம்பி வாடையில் மிதவை விட முடியாது என்பார் என் மாமியார். எல்லாவற்றையும் கரையேற்றினோம். 180 வரிகளையும் பிப்ரவரிக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேதி மாற்றினேன், ஒரு மத்தியானம் முழுக்க.

டிசம்பரில் ஒருநாள் விடியற்காலை, வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கையில், ஃபோன் மணி அடித்தது. நீலம் 17. அது ஒன்றை மட்டும் தள்ள விட்டுப்போயிருக்கிறது. மாமியார் போர்வைக்குள் இருந்தபடியே கேட்டார்: "யாரு இந்நேரத்துல?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து, கரையில் அடுக்கியிருக்கும் சட்டங்களின் மேல் போட்ட தார்ப்பாய் பறக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தார்.